சேதன விவசாயத்துக்கு மாறுவது எப்படி: திருகோணமலை வயல்காரருக்கு ஆலோசனையும் காசும் கிடைக்கும் வழி

சேதனப் பசளைக்கு, அதாவது இரசாயனம் இல்லாத இயற்கைப் பசளைக்கு மாறப்போகிறேன் என்று யாராவது சொன்னால் எங்கள் பக்கத்தில் வரும் முதல் கேள்வி, "அரசாங்கம் எவ்வளவு தரும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் காசுக்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அந்த வரிசை பிசகினால் கிடைக்க வேண்டியதும் கிடைக்காமல் போகும். தம்பலகாமத்தில் எங்கள் வயலில் ஒரு துண்டையும் குச்சவெளிப் பக்கம் ஒரு மேட்டுக்காணியையும் மாற்றிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். உழவு, விதைப்பு, தண்ணீர் கட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள், அந்த வருடம் நவம்பரில் திரும்பவும் திறந்துவிட்டார்கள். அந்தப் பெரும்போகத்தில் நாடு முழுவதும் விளைச்சல் விழுந்தது. அதனால்தான் சேதனம் என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. நான் சொல்லப்போவது அந்த மாதிரியான மாற்றம் இல்லை. உங்கள் காணியில் ஒரு சிறு துண்டை, உங்கள் கையில் கணக்கோடு, இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுவதைப் பற்றியது.

படி 1: திகதியைப் பதிய வையுங்கள்

சான்றிதழுக்கு அனுப்பிய எங்கள் கோப்பு திரும்பி வந்தது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யூரியாவை நிறுத்திய நாளிலிருந்தே நாம் சேதன விவசாயி என்று மனசு சொல்லும். சான்றிதழ் கொடுக்கிறவர்களின் கணக்கு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி நெல், நிலக்கடலை, வெங்காயம் போன்ற ஒரு போகப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன்னால் குறைந்தது 2 வருடம் மாறுகாலம் (சேதன முறைக்கு மாறும் இடைக்காலம்) வேண்டும். தென்னை, மா, தோடை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு அறுவடைக்கு முன்னால் 3 வருடம். அந்தக் காலம் பொதுவாக நீங்கள் சான்றிதழ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் பதிவாகும் நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். அமெரிக்க விதியில் 36 மாதம். அங்கே கடைசியாகத் தடைசெய்த பொருள் போட்ட நாளிலிருந்து அறுவடை வரைக்கும் எண்ணுகிறார்கள், ஆனால் அந்த நாளுக்கு ஆதாரம் கேட்பார்கள்.

ஆக, இரண்டு போகம் யூரியா போடாமல் விளைத்துவிட்டு, கையில் ஒரு துண்டுத்தாளும் இல்லாமல் போனால் அந்த இரண்டு போகமும் கணக்கில் வராமல் போகலாம். எங்களோடு சேர்ந்தவர்களில் பலருக்கு நடந்தது அதுதான். உண்மையில் போடவில்லை, ஊரே சாட்சி. ஆனால் எழுத்தில் இல்லை.

இன்றைக்கே செய்யக்கூடியது இது. ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லை. அடுத்த பக்கத்தில் கடைசியாக எந்தப் பசளை, எந்தக் களைநாசினி, எந்தத் திகதி. பிறகு ஒவ்வொரு வேலையையும் செய்த அன்றே எழுதுங்கள். வாங்கிய எதற்கும் பற்றுச்சீட்டு கேட்டு வாங்கி, அந்தந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அடுத்து, சேதனத்துக்கு மாற்றுகிறேன் என்று கமநல சேவை நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். அந்த முத்திரை சான்றிதழுக்குச் சமம் இல்லைதான். ஆனால் பின்னால் ஆதாரம் கேட்கும்போது வாய்ப்பேச்சை விட நூறு மடங்கு பலம் அதற்கு.

போனில் எழுதும் செயலிகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது கொப்பிதான். சேற்றுக் கையோடும் எழுதலாம், வீட்டில் யாரும் எடுத்து எழுதலாம், பரிசோதகர் வந்தால் அப்படியே நீட்டலாம். போனை படம் எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: திகதியும் இடமும் படத்தில் விழும்படி அமைத்துவிட்டால் போதும்.

படி 2: எவ்வளவு காணி, எந்த நெல்

எல்லாவற்றையும் ஒரே போகத்தில் மாற்றாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 30 மூட்டை எடுக்கிறவர் கால் ஏக்கரை மாற்றுகிறார், அந்தத் துண்டில் மூன்றில் ஒரு பங்கு விளைச்சல் குறைகிறது என்று வையுங்கள். நட்டம் இரண்டரை மூட்டை. வீடு தாங்கும். முழு ஏக்கரையும் மாற்றியிருந்தால் 10 மூட்டை. அது கடன்காரரை வாசலுக்குக் கொண்டுவரும்.

துண்டு துண்டாக மாற்றுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. ஒரே வயலில் ஒரு பக்கம் சேதனமும் மறுபக்கம் வழமையான முறையும் இருந்தால், இரண்டிலும் ஒரே இன நெல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. கண்ணால் பார்த்தே வேறுபடுத்தக்கூடிய இனங்களாக இருக்க வேண்டும். இரண்டிலும் பிஜி 352 விதைத்தால் எந்த மூட்டை எந்தத் துண்டில் வந்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்? மாற்றும் துண்டில் பச்சைப்பெருமாள் போன்ற பாரம்பரியச் சிவப்பு நெல்லைப் போடுங்கள். சிவப்பரிசியும் வெள்ளையரிசியும் கலந்தால் சின்னப் பிள்ளையும் கண்டுபிடிக்கும். இந்த இனங்களுக்கு நைதரசன் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. அதிகமாகப் போட்டால்தான் உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடும். விற்கும்போது விலையும் கூட.

குத்தகைக் காணியாக இருந்தால் காணிக்காரரிடம் மூன்று வருடத்துக்காவது எழுத்தில் வாங்காமல் தொடங்கவே வேண்டாம். மண்ணை நீங்கள் திருத்தி வைத்த பிறகு அடுத்த போகம் காணி வேறு ஆளுக்குப் போனால், உழைப்பும் போய் மாறுகாலமும் போய்விடும்.

படி 3: ஆலோசனை எங்கே

கமநல சேவை நிலையமும் விவசாயத் திணைக்களமும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். பல இடங்களில் ஒரே கட்டடத்தில் இருப்பதால் வரும் குழப்பம் இது. கமநல சேவை நிலையம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகிறது. காணிப் பதிவேடு, பசளை மானியம், கமக்காரர் அமைப்பு, வாய்க்கால் பிணக்கு எல்லாம் அங்கே. மண், பயிர், பூச்சி பற்றிய தொழில்நுட்ப ஆலோசனைக்கு விவசாயப் போதனாசிரியரைப் பார்க்க வேண்டும். கமநல சேவை நிலையத்தில் போய் அறக்கொட்டிப் பூச்சிக்கு என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, பதில் கிடைக்கவில்லை என்று கோபப்படாதீர்கள்.

போதனாசிரியரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். மண் மாதிரி கொண்டுபோங்கள். அறுவடை முடிந்து அடுத்த பசளை போடுவதற்கு முன்னால், வயலில் குறுக்கும் மறுக்குமாக 10, 15 இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அதில் அரைக் கிலோ. வரம்போரம், எருக் குவித்த இடம், வைக்கோல் எரித்த இடம் மூன்றையும் விட்டுவிடுங்கள். பசளை அள்ளிய வாளியில் கலக்காதீர்கள், முடிவே மாறிப்போகும்.

வீட்டிலிருந்தே கேட்க 1920 என்ற இலக்கம் இருக்கிறது, விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவை. அவசரமான பூச்சிப் பிரச்சினைக்கு நான் முதலில் அழுத்துவது அதைத்தான்.

படி 4: பசளைக் கணக்கு

இலை கரும்பச்சையாக இல்லையே என்று மூன்றாம் கிழமையில் மனம் தளருகிறவர்கள் பலர். கணக்கைத் தெரிந்துகொண்டால் தளராது. ஏக்கருக்கு 90 கிலோ யூரியா போடுகிறவர் மண்ணுக்குக் கொடுப்பது ஏறக்குறைய 41 கிலோ நைதரசன், ஏனென்றால் யூரியாவில் 46 வீதம்தான் நைதரசன். நல்ல கூட்டெருவில் உலர்ந்த எடைக்கு 1 வீதமளவில் இருக்கும். ஆக அதே அளவுக்கு நாலு தொன்னுக்கு மேல் வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், மிச்சம் அடுத்தடுத்த போகங்களுக்கு. கூட்டெரு மட்டும் போதும் என்று சொல்கிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

அதனால் மூன்று வழியையும் சேர்த்துப் பிடியுங்கள். வேலி முழுக்க கிளிரிசிடியா நடுங்கள், நம் பக்கத்தில் சீமைக்கிளுவை என்பார்கள். இலையை வெட்டிச் சேற்றில் மிதித்துவிட்டால் வேகமாக நைதரசன் தரும். வைக்கோலை எரிக்காதீர்கள். நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது, எரித்த சாம்பலைக் காற்றும் மழையும் கொண்டுபோகும். மூன்றாவது, மாடு. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் பக்கத்தில் எருமைப்பட்டிகளுக்குக் குறைவில்லை. அறுவடை முடிந்த வயலில் இரவில் பட்டி அடைக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பழைய வழக்கத்துக்கு ஈடாக எந்தப் பக்கெற் பசளையும் இல்லை என்பது என் கருத்து.

பட்டிச் சாணியில் களை விதை நிறைய. அதைக் கூட்டெருவாக்கும்போது சூடு ஏற வேண்டும். குவியல் ஒரு மீற்றருக்குக் குறையாத உயரம், பச்சை இலையும் சாணியும் ஒரு அடுக்கு, வைக்கோல் ஒரு அடுக்கு. சூடு பார்க்க நான் வைத்திருப்பது ஒரு முழத்துக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி. நடுவில் குத்திப் பத்து நிமிடம் விட்டு உருவி, நுனியைப் பிடித்துப் பாருங்கள். கை பொறுக்காமல் விட்டுவிட வேண்டும். அப்படியானால் ஏறக்குறைய 55 பாகையளவில் இருக்கிறது, களை விதையில் பெரும்பகுதி சாகும். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் ஒன்றில் ஈரம் போதாது, இல்லாவிட்டால் பச்சை போதாது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. நம் ஊர் ஆடி வெயிலில் குவியல் மேலே காய்ந்து உள்ளேயும் ஆறிவிடும், தென்னோலையால் மூடி வையுங்கள்.

கோழி எரு மலிவாகக் கிடைக்கிறது என்று பெரிய கூட்டுப் பண்ணைகளில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். தொழிற்சாலை முறையில் வளர்க்கும் பண்ணைகளின் எருவை ஐரோப்பிய விதி ஏற்காது. எப்பாவல பொசுபேற்று அனுமதிக்கப்பட்டதுதான், ஆனால் கரைவது மிக மெதுவாக. அமிலம் குறைந்த மண்ணில் இன்னும் மெதுவாக. கூட்டெருக் குவியலுக்குள் தூவிச் சேர்ப்பதே பயன்.

களைக்கு ஒரு வார்த்தை. வீசி விதைத்த சேதன வயலில் கோரையை வெல்வது பெரும்பாடு. மாற்றும் துண்டிலாவது வரிசையாக நாற்று நடுங்கள். வரிசை இருந்தால்தான் உருளும் களைகருவி ஓடும்.

படி 5: பக்கத்து வயலும் பழைய சாக்கும்

பரிசோதகர் முதலில் பார்ப்பது பயிரை இல்லை, எல்லையை. பக்கத்து வயலில் அடிக்கும் நாசினி காற்றில் வருமா, அவருடைய வடிகால் நீர் உங்கள் வயலுக்குள் இறங்குமா? கந்தளாய்க் குளத்து நீரில் ஒரே வாய்க்காலில் வயல் செய்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். முடிந்தால் வாய்க்காலிலிருந்து நேரடியாகத் தண்ணீர் எடுக்கும் துண்டை மாற்றுவதற்குத் தெரிவு செய்யுங்கள். வேறு வயல் வழியாகத் தண்ணீர் வரும் துண்டு வேண்டாம். எல்லையோரத்தில் சில மீற்றர் அகலத்தை இடைவெளியாக விட்டு, அங்கே விளைவதைத் தனியாக அறுத்து வழமையான நெல்லோடு சேர்த்துவிடுங்கள். போகம் தொடங்குமுன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எழும்பி, இந்தத் துண்டைச் சேதனமாகச் செய்கிறேன், காற்று இந்தப் பக்கம் அடிக்கும்போது அடிக்க வேண்டாம் அண்ணே என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள். வரம்பில் நின்று சண்டை பிடிப்பதை விட அது நல்லது.

வெட்டு மெஷின் உங்கள் துண்டுக்குள் இறங்குமுன் உள்ளே கிடக்கும் பழைய நெல்லைத் தட்டி எடுக்கச் சொல்லுங்கள். கால் ஏக்கருக்கு ஆள் வைத்து அறுப்பதே நான் விரும்புவது. மருந்து தெளிக்கும் பம்பியும் தனியாக வேண்டும். களைநாசினி அடித்த பம்பியை எத்தனை தரம் கழுவினாலும் வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு எடுக்காதீர்கள்.

கடைசியாக, சாக்கு. வீடுகளில் நெல் கட்டுவது பெரும்பாலும் பழைய யூரியாச் சாக்கில்தான். சேதன நெல்லை அதில் கட்டினால் அந்த நெல் சேதனமில்லை. புதுச் சாக்கு வாங்கி, வெளியே பச்சை மையால் துண்டின் பெயரையும் போகத்தையும் எழுதித் தனி இடத்தில் அடுக்குங்கள்.

படி 6: காசு

ஐரோப்பிய நாடுகளில் மாறுகாலத்துக்கென்றே ஹெக்டேருக்கு இவ்வளவு என்று வருடாவருடம் கொடுக்கும் முறை இருக்கிறது. இங்கே அப்படி ஒன்றை நம்பி வீட்டுக் கணக்குப் போடாதீர்கள். இருப்பவற்றை இணைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

பசளை மானியம் கமநல சேவை நிலையத்தில் பதிவான பரப்பின்படி வங்கிக் கணக்குக்கு வருகிறது. தொகையும் நிபந்தனையும் போகத்துக்குப் போகம் மாறும். ஆகவே நீங்கள் உறுதிப்படுத்த வேண்டியது ஒன்றுதான்: பதிவேட்டில் உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், பரப்பு, வங்கிக் கணக்கு நான்கும் சரியாக இருக்கிறதா? இதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் காசு நின்றுவிடும். போகம் தொடங்கிய பிறகு திருத்தப் போனால் வரிசைதான்.

கடன் தேவைப்பட்டால் இலங்கை வங்கி, மக்கள் வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி ஆகியவற்றில் பயிர்ச்செய்கைக் கடன் கேளுங்கள். அறுவடைக்குப் பிறகு கட்டும் முறை அது. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து வாங்கும் நுண்கடனைச் சேதன மாற்றத்துக்கு எடுக்கவே வேண்டாம். நெல் நாலு மாதத்துக்கு ஒரு முறைதான் காசு தரும், அந்தக் கடனோ ஏழு நாளுக்கு ஒரு முறை கேட்கும். எங்கள் கிராமங்களில் இதனால் நகை போனவர்களை, காணி போனவர்களை நான் அறிவேன்.

கமத்தொழில் மற்றும் கமநல காப்புறுதிச் சபையின் காப்புறுதி வெள்ளம், வறட்சி, காட்டுயானைக்கு உதவும். பசளையை மாற்றியதால் விளைச்சல் குறைந்தது என்று அங்கே போக முடியாது. சேதம் வந்தால் துப்புரவாக்குமுன் அறிவியுங்கள், படம் எடுத்து வையுங்கள்.

தொண்டு நிறுவனங்களும் திட்டங்களும் பெரும்பாலும் தனி ஆளுக்குக் காசு தருவதில்லை. குழுவுக்குப் பொருள் தருகின்றன: கூட்டெருக் கொட்டகை, இலை வெட்டும் மெஷின், களைகருவி, பயிற்சி. ஆகவே கமக்காரர் அமைப்புக்குள்ளேயே 10 பேராவது சேர்ந்து, கூட்டக் குறிப்புப் புத்தகம், குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு இரண்டையும் முதலில் வைத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் கேளுங்கள். என்ன திட்டம் வந்திருக்கிறது என்று விசாரிப்பதை விட, இலை வெட்டும் மெஷின் ஒன்று வேண்டும் என்று விலைமதிப்போடு கேட்பது வேலை செய்யும்.

படி 7: சான்றிதழ் வேண்டுமா?

திருகோணமலைச் சந்தையில் தெரிந்தவர்களுக்கே அரிசியாக்கி விற்கிறீர்களா? சான்றிதழ் இல்லாமலே நடக்கும், உங்கள் கொப்பியே சான்று. கொழும்புக் கடைகளுக்குப் போக நினைத்தால் விவசாயிகளும் வாங்குகிறவர்களும் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதிப்படுத்தும் பங்கேற்பு உத்தரவாத முறை இருக்கிறது, செலவு குறைவு. ஏற்றுமதி என்றால் மூன்றாம் தரப்புச் சான்றிதழ் கட்டாயம். இலங்கைக்கான தரம் எஸ்எல்எஸ் 1324. இந்தத் துறையை மேற்பார்வை செய்வது ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில் இருக்கும் தேசிய சேதனக் கட்டுப்பாட்டு அலகு. கன்ட்ரோல் யூனியன், ஸ்ரீசேர்ட் போன்ற நிறுவனங்கள் வந்து பரிசோதிக்கும்.

தனி ஆளாகக் கட்டணம் கட்டினால் கால் ஏக்கர் நெல் தாங்காது. குழுவாகப் போங்கள். 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதி குழுவுக்குச் சட்டபூர்வப் பதிவையும் உள்ளகக் கட்டுப்பாட்டு முறையையும் கேட்கிறது, உச்சவரம்பு 2000 பேர். உள்ளகக் கட்டுப்பாடு என்றால், குழுவுக்குள்ளேயே பயிற்சி பெற்ற ஒருவர் வருடத்தில் எல்லோர் வயலையும் பார்த்து எழுதி வைப்பது. முதல் 12 மாதம் கடந்த பிறகு விளைவதை "சேதனத்துக்கு மாறும் விளைபொருள்" என்று குறித்து விற்க இடமுண்டு. வாங்குகிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், மாறுகாலத்திலேயே கொஞ்சம் கூடிய விலை கிடைக்கலாம்.

மரக்கறிக்காரருக்கு நான் சொல்வது, விவசாயத் திணைக்களத்தின் சிறந்த விவசாய நடைமுறைச் சான்றிதழை முதலில் எடுங்கள் என்று. அது சேதனச் சான்றிதழ் இல்லை, ஆனால் பதிவு எழுதும் பழக்கம் கைக்கு வந்துவிடும்.

பின்சேர்க்கை

மூதூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார்: வயலைச் செய்வது அவர், பதிவேட்டில் கணவரின் பெயர், கணவர் வெளிநாட்டில். மானியம் யாருக்கு, சான்றிதழ் யாருக்கு? மானியம் பதிவிலுள்ள பெயருக்குத்தான் போகும். ஆனால் செய்கை பண்ணுகிறவர் என்று உங்கள் பெயரைப் பதிய, கணவரின் சம்மதக் கடிதத்தோடும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடும் கமநல சேவை நிலையத்தில் விண்ணப்பியுங்கள். குழுவின் உறுப்புரிமையையும் கொப்பியையும் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் வையுங்கள். இரண்டு பெயரில் கோப்பு ஓடினால் மூன்றாம் வருடம் பரிசோதனையில் எல்லாம் குழம்பும்.

நிலாவெளியிலிருந்து இன்னொருவர்: மணல் காணி, சின்ன வெங்காயம், கூட்டெரு போட்டும் தண்ணீரோடு இறங்கிவிடுகிறதே? மணலில் ஒரேயடியாகப் போடக் கூடாது. பாத்தி கட்டும்போது பாதி, நட்டு மூன்றாம் கிழமையில் மிச்சம். தண்ணீரை ஒரேயடியாகப் பாய்ச்சாமல் குறைவாக அடிக்கடி பாய்ச்சுங்கள், மேலே வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்புங்கள். வெங்காயத்துக்கு அடுத்து நிலக்கடலை போட்டு, கடலையைப் பிடுங்கியதும் கொடியை அங்கேயே மண்ணுக்குள் புதையுங்கள். மாட்டுக்குக் கொடுத்துவிட்டால் அந்தச் சாணியையாவது அந்தப் பாத்திக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.